டக்கில் பெண்களை ஏற்றமாட்டார்கள்

என் கையில் பிரியாணித் தட்டு இருந்தது. வெங்காயப் பச்சடி ஒழுகிச் சோற்றில் கலந்துகொண்டிருந்தது. ராயபுரத்தில் ஒரு மாதா கோயிலை ஒட்டிய மண்டபம். என்னோடு ஒரே டக் படகில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த சவரியின் மகனுக்கு வரவேற்பு.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு திரையைக் கட்டி, மாப்பிள்ளையின் பழைய படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மொட்டை அடித்த குழந்தை. பள்ளிக்கூடச் சீருடை. கோயிலில் முதல்முதலாகப் புது நன்மை வாங்கிய அன்று வெள்ளைச் சட்டையில் மெழுகுவர்த்தியோடு. அடுத்து வந்த படத்தைப் பார்த்ததும் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டேன்.

டக்கின் மேல்தளம். பின்னால் ஒரு சரக்குக் கப்பலின் கறுப்புப் பக்கம். முன்னால் நாலைந்து பெண்கள், சேலைத் தலைப்பு காற்றில் பறக்க, பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நடுவில் சவரியின் மனைவி ஸ்டெல்லா, சிறுவனான மாப்பிள்ளையைப் பிடித்தபடி.

ஸ்டெல்லா அப்போது என் மனைவி பிலோமினாவுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"பாரு பிலோ, அன்னிக்கு எடுத்த போட்டோ! ஊழியருங்க குடும்பத்தையெல்லாம் கடலுக்குக் கூட்டினு போனாங்களே, நீ மட்டும்தான் வரல. ஜெனிக்கு அம்மை போட்டுகீதுன்னு அண்ணன் சொன்னாரு. அடடா, நீ வந்திருக்கணும். கப்பல் கிட்ட போய் அண்ணாந்து பாத்தா செவுரு மாதிரி நிக்குது. எனக்குக் கழுத்தே சுளுக்கிக்கிச்சு."

பிலோமினா திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு முறை. மறுபடி ஸ்டெல்லா பக்கம் திரும்பினாள்.

"ஆமாக்கா, அம்மைதான். ஒடம்பு பூரா போட்டுச்சு. வேப்பிலைய வச்சுகினு பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

எங்கள் மகள் ஜெனிக்கு இன்றுவரை அம்மை போட்டதே இல்லை.

இரண்டு பொய்கள்

இந்தத் தொடரை வாரா வாரம் படிப்பவர்களுக்கு டக் என்றால் என்னவென்று தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. பெரிய கப்பல் துறைமுகத்துக்குள் தானாக வந்து கரையில் அணைய முடியாது. சின்ன, முரட்டு விசையுள்ள ஒரு படகு அதை இழுத்தும் தள்ளியும் கொண்டுவந்து சேர்க்கும். அதுதான் டக். அதில் நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன்.

"உங்கள் மனைவி டக்கில் ஏறியிருக்கிறாரா?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். சாதாரணக் கேள்விதான். அதற்குப் பதில் எழுத இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன்.

ஏறியதில்லை. காரணம் நான்.

ஜெனிக்கு ஐந்தாறு வயது இருக்கும்போது, ஊழியர்களின் குடும்பங்களை டக்கில் ஏற்றி, அலைதடுப்புச் சுவருக்கு வெளியே ஒரு சுற்று காட்டிக் கொண்டுவர ஏற்பாடு நடந்தது. பெயர் கொடுக்கச் சொன்னார்கள். "புள்ளைக்கு அம்மை" என்று வேலையில் சொன்னேன். வீட்டில் எதுவும் சொல்லவில்லை. பிலோமினா அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ தடவை, "ஒரு தபா, ஒரே ஒரு தபா என்னையும் கூட்டினு போயேன்" என்று கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்.

"டக்குல பொம்பளைங்கள ஏத்தமாட்டாங்க."

இரண்டு பொய்களும் தனித்தனியாக இத்தனை வருஷம் நன்றாகத்தான் இருந்தன. அன்றைக்கு ஒரு பிரியாணித் தட்டின் மேல் இரண்டும் சந்தித்துக்கொண்டன.

கைதட்டல்

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல, கல்யாணமான புதிதுக்குப் போகவேண்டும்.

பிலோமினா புழல் பக்கத்துப் பெண். அவள் அப்பாவுக்கு அரிசி ஆலையில் வேலை. ஏரிக்கரையில் வளர்ந்தவள். ராயபுரத்துக்கு வாழ வந்ததும் எதைப் பார்த்தாலும் நின்றுவிடுவாள். கன்டெய்னர் லாரியின் சக்கரங்களை எண்ணுவாள். மீன் வாங்கினால் முதலில் செவுளைத் தூக்கி, நல்ல மீனா என்று பார்ப்பதற்காக அல்ல, உள்ளே அந்தச் சிவப்புச் சீப்பு எப்படி அடுக்கியிருக்கிறது என்று பார்ப்பாள். "இத யாரு ஒக்காந்து செஞ்சிருப்பாங்க?" என்பாள்.

எனக்கு முதல் சில மாதம் அது பிடித்திருந்தது. தனியாக இருக்கும்போது பிடித்திருந்தது.

ஆயுத பூஜை வந்தது. துறைமுகத்துப் பட்டறையில் பூஜை போட்டு, குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். வேதக்காரர்கள் நாங்களும் போவோம், பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வருவோம். அன்று வேடிக்கைக்காகக் கிரேனை ஓட்டிக் காட்டினார்கள். ஒரு பழைய என்ஜினைச் சங்கிலியில் கோர்த்து மேலே தூக்கியதும், அத்தனை பேர் நடுவில் பிலோமினா படபடவென்று கை தட்டினாள்.

"ஜேசுவே! அம்மாம் பெருச தூக்குதே! பாரு பாரு, எறும்பு சக்கரையத் தூக்கற மாதிரி!"

எங்கள் இன்ஜினியர் திரும்பிப் பார்த்தார். "யோவ் லாசர், ஒய்ஃப் இப்பதான் பூமிக்கு வந்தாங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிலோமினாவும் சிரித்தாள். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த சில மாதத்துக்கு யாராவது ஸ்பேனரைத் தூக்கினால்கூட, சவரி உட்பட எல்லாரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். பூஜை அன்றைக்கே வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்:

"சின்னப் புள்ளையா நீ? மானத்த வாங்காத. மெதுவா பேசு, எல்லாரும் பாக்குறாங்க."

அவள் சுண்டல் பொட்டலத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே மடித்து வைத்துவிட்டாள்.

நீராவிக்குள் நின்ற பையன்

இவ்வளவும் பேசுகிற நான் யார்?

ராயபுரம் ஸ்டேஷன் பக்கத்தில் வளர்ந்தவன். சின்ன வயதில் தண்டவாளத்துக்கு மேல் போகிற நடைபாலத்தில் நின்றுகொள்வேன். கீழே கரி என்ஜின் வரும். புகையும் ஆவியும் மேலே எழும்பி என்னை மூடிவிடும். கை எது, கால் எது என்று தெரியாது. கன்னத்தில் ஈரமாக, சூடாக, கரி வாசனையோடு இருக்கும். மேகத்துக்குள் நிற்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். ஆவி கலைந்ததும் அடுத்த என்ஜினுக்குக் காத்திருப்பேன். அம்மா வந்து காதைத் திருகி இழுத்துப் போவாள். மூக்குத் துவாரமெல்லாம் கறுப்பாக இருக்கும்.

அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. முதல் பல் விழுந்த நாள் ஞாபகம் இருக்கிறது. அந்த வியப்பு விழுந்த நாள் ஞாபகம் இல்லை.

வேலைக்குப் போன பிறகு என் இடம் என்ஜின் அறை. இரும்பு ஏணியில் இறங்கினால் கீழே இரண்டு என்ஜின், ஒரு மஞ்சள் விளக்கு, டீசல் நாற்றம், காதில் பஞ்சு. மேலே டக்கை ஓட்டும் மாஸ்டர் மணி அடிப்பார். முன்னே, பின்னே, நிறுத்து. கைப்பிடியைத் தள்ளுவேன், இழுப்பேன். மேலே என்ன கப்பல், எவ்வளவு பெரிது, வானம் எந்த நிறம், ஒன்றும் தெரியாது. வேலை முடிந்து மேலே வந்தால் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு சைக்கிளை எடுக்கத்தான் தோன்றும்.

நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்பாள்: "இன்னிக்கு எந்தூரு கப்பலு?"

"கப்பல்தான். இரும்பு. அதுல இன்னா கீது?"

சில வருஷம் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதியை நான் நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று வீட்டில்

வரவேற்பு முடிந்து நடந்துதான் வந்தோம். பிலோமினாவுக்கு மூட்டுவலி. வலது காலை லேசாக இழுத்து நடப்பாள். சாலை நெடுக கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்றன. நான் இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் எங்கோ ஒரு லாரிக்காரன் ஆரன் அடித்தான். அதைச் சாக்காக வைத்து மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தோடுகளைக் கழற்றிச் சின்ன டப்பாவில் போட்டு மூடினாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள். சத்தம் போடவில்லை.

"ஜெனி அஞ்சாவது படிக்கசொல்லோ, 'என் அப்பா'ன்னு கட்டுர எழுதினா. ஞாபகம் கீதா?"

"ம்."

"'எங்க அப்பா கப்பல இழுப்பாரு. அந்தப் படகுல பொம்பளைங்கள ஏத்தமாட்டாங்க. அதனால எங்கம்மா பாத்ததில்ல'ன்னு எழுதினா. நான்தான் சொல்லிக் குடுத்தேன். டீச்சர் நல்லாகீதுன்னு எழுதிக் குடுத்தாங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் ஜெனிப்பா?"

நான் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினேன்.

"என்னப் பாத்தா ஒனக்கு வெக்கமா இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்றாவது பொய்யாக அதையும் சேர்த்திருக்கலாம். சொல்லவில்லை. ஆமாம் என்று சொல்லவும் துணிச்சல் வரவில்லை. டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்தாள். பிறகு, "மோர் கீது, குடிச்சுட்டுப் படு. பிரியாணி சூடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மண்டபத்தில் ஸ்டெல்லா முன்னால் எனக்காக ஒரு பொய்யைச் சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. எந்த மானத்தை அவள் வாங்கிவிடுவாள் என்று பயந்தேனோ, அதை அவள்தான் எனக்குப் பிச்சை போட்டாள்.

நாற்காலி

நான் ஓய்வு பெற்ற பிறகு மீன்பிடிப் படகுகளின் என்ஜினைப் பழுது பார்த்துக் கொடுக்கிறேன். அப்படிப் பழக்கமானவன் எத்திராஜ். திருவொற்றியூர் குப்பத்துக்காரன், நாற்பது வயது, சொந்தமாக ஒரு ஃபைபர் படகு. விஷயத்தை முழுதாகச் சொல்லாமல், "வூட்டுக்காரம்மாவுக்குக் கடலப் பாக்கணும்னு ஆச" என்று மட்டும் சொன்னேன்.

"அவ்ளோதான நைனா? காலைல கூட்டினு வா" என்றான்.

ஒரு காலையில் ஆட்டோவில் அவளைக் கூட்டிப் போனேன். எங்கே என்று சொல்லவில்லை. ஆச்சரியப்படுத்தப் போகிறேனாம். கரையில் படகு நின்றது. மணலில் இறங்கி, அலையில் முழங்கால் அளவு நனைந்து, படகின் விளிம்பைத் தாண்டி ஏறவேண்டும். பிலோமினா படகைப் பார்த்தாள், அலையைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள்.

எத்திராஜ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து மணலில் போட்டான். "நீ குந்துமா. நாங்க நாலு பேர் சேரோட தூக்கி உள்ள வச்சுடறோம்."

"நான் இன்னா பொணமா, நாலு பேர் தூக்க?" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் என்னிடம் திரும்பியபோது சிரிப்பு இல்லை. "அப்ப கேட்டேனே ஜெனிப்பா. அப்ப தாவி ஏறியிருப்பேன்."

வங்காள விரிகுடா அளவுக்கு நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன். ஒரு மூட்டு தேய்வதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கணக்குப் பார்க்கவில்லை.

திரும்பிப் போய்விடலாம் என்று ஆட்டோவைப் பார்த்தேன். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"வந்தது வந்தாச்சு. நீ போய்ட்டு வா. இன்னா பாத்தன்னு வந்து சொல்லு."

என்ன பார்த்தேன்?

போய்விட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பினேன். அவள் அதே நாற்காலியில், காலைச் சுற்றி மணல் நண்டுகள் ஓட, உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா பாத்த?"

"கடலுதான். ரெண்டு மூணு கப்பல் நின்னுச்சு."

"ரெண்டா, மூணா?"

யோசித்தேன். தெரியவில்லை.

"கப்பலு பேரு இன்னா நெறத்துல எழுதியிருந்துச்சு?"

தெரியவில்லை.

"ஆளுங்க யாராச்சும் மேல நின்னுகினு இருந்தாங்களா?"

பார்க்கவில்லை. ஒரு மணி நேரமும் எத்திராஜின் என்ஜின் ஓடுகிற சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. அது மட்டும்தான் என் தலைக்குள் போயிருந்தது.

"அப்ப இன்னாத்துக்குப் போன?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

கண் தெரியாதவனிடம் கேட்டால்கூட, தெரியாது என்று சொல்ல அவனுக்கு ஒரு நியாயம் உண்டு. எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும்.

அடுத்த வாரம் எத்திராஜிடம் நானே போய்க் கேட்டேன். "திரும்பவுமா நைனா?" என்று சிரித்தான். ஏற்றிக்கொண்டான்.

இந்தத் தடவை பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி போனேன். மூன்று கப்பல்கள். எண்ணினேன். ஒன்று சரக்கில்லாத காலிக் கப்பல். தண்ணீருக்கு மேல் உயர்ந்து, அடிப்பக்கத்துச் சிவப்பு முழுதும் வெளியே தெரிந்தது. அதில் சிப்பியும் பாசியும் அப்பியிருந்தன. பின்பக்கம் கப்பலை ஓட்டும் சுழலியின் ஒரு இதழ் மட்டும் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றது. வீட்டு விசிறி இதழ் மாதிரி, ஆனால் ஒரு இதழே எங்கள் வீட்டுச் சுவர் உயரம். முப்பது வருஷம் இவற்றுக்கு நாலடி பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

மேலே கைப்பிடிக் கம்பியில் யாரோ ஒரு ஆரஞ்சு நிறச் சட்டையைக் காயப்போட்டிருந்தார்கள். காற்றில் அது கையை ஆட்டிக்கொண்டே இருந்தது.

எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் போனோம். அங்கே கடலின் மேல் ஒரு கோடு இருந்தது. இந்தப் பக்கம் காவி கலந்த ஆற்றுத் தண்ணீர், அந்தப் பக்கம் பச்சைக் கடல். ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. தூரத்தில் அத்திப்பட்டுப் பக்கத்து அனல் மின்நிலையப் புகைக்கூண்டுகள். படகு கோட்டைத் தாண்டியபோது நான் என்னை அறியாமல், "ஏய், நிறுத்து நிறுத்து!" என்று கத்திவிட்டேன். எத்திராஜ் பயந்துபோய், "இன்னாச்சு நைனா? வல மாட்டிக்கிச்சா?" என்று என்ஜினை அணைத்தான்.

"ஒண்ணுமில்ல. இந்தக் கோடு..."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். என் காது மடல் சுட்டது. பட்டறையில் அன்று சுட்ட அதே சூடு.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். பிலோமினா காரப்பொடி மீனை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கைவேலை நடுவில் நின்றுபோயிற்று.

"அந்த ஆரஞ்சு சட்ட காஞ்சிருக்குமா? உப்புக் காத்துல பிசுபிசுன்னு இல்ல இருக்கும்?"

"தெரியல பிலோ."

"ரெண்டு தண்ணிலயும் கைய வச்சுப் பாத்தியா? ஒரே மாதிரி சில்லுன்னு இருந்துச்சா?"

அடுத்த வாரம் போய்க் கையை வைத்துப் பார்த்தேன். காவித் தண்ணீர் சூடு. பச்சை சில்லென்று இருந்தது. சொன்னதும் அவள், "அப்டியா!" என்று சொன்னாள். எத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்தக் குரலைக் கேட்கிறேன் என்று யோசித்து, யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

பனியன்

அன்றைக்குத்தான் அவளை ஏன் டக்கில் ஏற்றவில்லை என்று முழுதாகச் சொன்னேன். அவள் கை தட்டியது மட்டும் காரணம் இல்லை. அவள் ஊரெல்லாம், ஜெனியிடம், புழலில் அவள் சொந்தக்காரர்களிடம், "எங்க வூட்டுக்காரரு கப்பல இழுக்கறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டக்கில் ஏறினால் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்துவிடும். ஒரு பொந்துக்குள், டீசலுக்கு நடுவில், எந்தக் கப்பலையும் பார்க்காதவனாக. அதைக் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது.

இதைச் சொல்லி முடிக்க நான் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

பிலோமினா மீன் கழுவிய கையைத் துடைத்தாள். "இது எனக்குத் தெரியாதா? ஒன் பனியனத் தொவச்சவ நான். மேல நின்னு வேல பாக்கறவன் பனியன்ல அம்மாங் கிரீஸ் இருக்குமா?"

"தெரிஞ்சா ஏன் எந்தூரு கப்பலுன்னு தெனமும் கேட்ட?"

"நாளைக்கு அவ கேப்பாளேன்னு ஒரு தபாவாச்சும் மேல வந்து எட்டிப் பாப்பன்னு நெனச்சேன்."

நான் எட்டிப் பார்க்கவேயில்லை. பதினாலு படி. அந்த ஏணியில் பதினாலு படிதான்.

மெட்ரோவில்

ஜெனி விம்கோ நகரில் குடியிருக்கிறாள். மெட்ரோவில் லிஃப்ட் இருப்பதால் பிலோமினாவுக்குக் கால் வலிக்காது. ரயில் சுரங்கத்துக்குள் ஓடி, பிறகு மேலே ஏறி வெளிச்சத்துக்கு வரும். அதன் பிறகு வலது பக்கம் மொட்டைமாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், காயும் துணிகள், இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் கடல்.

இதற்கு முன் எத்தனையோ தடவை போயிருக்கிறோம். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு போவேன். இந்தத் தடவை அவளை ஜன்னலோரம் நிறுத்தி, நானும் நின்றுகொண்டேன். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நங்கூரமிட்ட கப்பல் ஒன்று தெரிந்தது.

"பிலோ, அதோ பாரு! அதான், நான் சொன்னேனே, செகப்பு அடிப்பக்கம்! பாரு, பாரு!"

பெட்டியில் நாலைந்து பேர் திரும்பினார்கள். பிலோமினா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"மெதுவா பேசு. எல்லாரும் பாக்குறாங்க."

ரயில் போய்க்கொண்டே இருந்தது. அவள் சொன்னது அவளுடைய வார்த்தை இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நான் அவளுக்குள் போட்டுவைத்தது. இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்து, ஒரு எழுத்து மாறாமல் திருப்பிக் கொடுக்கிறாள். என் வாழ்க்கையில் அத்தனை வெட்கப்பட்டதில்லை. மண்டபத்தில்கூட இல்லை.

இரண்டு ஸ்டேஷன் போனபிறகு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"அங்கேர்ந்து பாத்தா நம்ம ரயிலு தெரியுமா?"

தெரியும் என்று வாய்வரை வந்தது. நிறுத்திக்கொண்டேன்.

"தெரியல பிலோ. பாத்துட்டு வந்து சொல்றேன்."

கடலிலிருந்து

சென்ற வாரம் நடந்தது இது. பிலோமினா தனியாக ஜெனி வீட்டுக்குக் கிளம்பினாள். நான் அதற்கு முன்பே எத்திராஜோடு கடலில் இருந்தேன். திருவொற்றியூருக்கு நேரே, நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கொஞ்சம் இப்பால். கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கோபுரமும் மாடிகளும் வெயில் மூட்டத்தில் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

கைப்பேசி அடித்தது.

"ரயிலு மேல ஏறிடுச்சு" என்றாள். பின்னால் ஸ்டேஷன் பெயர் சொல்லும் குரல். "தெரியுதா?"

"இரு."

ஒன்றும் தெரியவில்லை. எத்திராஜும் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தான். படகு ஏறி இறங்கியது. ஒரு ரயில் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் தெரியவில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டி வந்துவிடுமோ என்று கண்ணை இடுக்கி மாடி மாடியாகத் தேடினேன்.

"நைனா! தண்ணித் தொட்டிக்கு வலது கையாண்ட!"

மாடிகளுக்கு மேல், வெள்ளிக் காகிதத்தைக் கிழித்துப் போட்ட மாதிரி, துக்குணூண்டு, ஒன்று பளிச்சிட்டு நகர்ந்தது. மறைந்தது. மறுபடி பளிச்சிட்டது.

"தெரியுது! பிலோ, தெரியுது! போய்க்கினே கீது! நீ அதுக்குள்ளதான் கீற!"

அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. என்னிடம் பேசவில்லை. பெட்டியில் இருந்த அத்தனை பேரிடமும், ராயபுரத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"எங்க வூட்டுக்காரரு கடல்லேர்ந்து என்னப் பாத்துகினு கீறாரு! நெஜமாங்க! அதோ, அங்கதான்!"

யாரோ சிரித்தார்கள். யாரோ ஒரு பெண், "எங்கம்மா? எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். காலடிச் சத்தங்கள் ஜன்னல் பக்கம் வந்தன.

நான் படகில் எழுந்து நின்று கையை ஆட்டினேன். அவர்களுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். எத்திராஜ் என் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டான், விழுந்துவிடாமல்.